ஒரு கிராம் மருந்து 27 வருஷம் வருமா? தைராய்டு மாத்திரையின் மலைக்க வைக்கும் கணக்கு தெரியுமா?

நகைக்கடையில் ஒரு கிராம் தங்கக் காசு பார்த்திருப்பீர்கள். சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. அந்த எடைக்குத் தைராக்சின் மருந்தை எடுத்து, தினம் ஒரு 100 பவர் மாத்திரையாகச் சாப்பிட்டு வந்தால் எத்தனை நாள் வரும் தெரியுமா? 10,000 நாள்! 27 வருஷத்துக்கும் மேல்!

புட்டியில் போட்டிருக்கும் 25, 50, 75, 100 எல்லாம் மில்லிகிராம் என்று நினைத்தீர்களா? இல்லை! மைக்ரோகிராம்! ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு! காய்ச்சலுக்கு நாம் போடும் ஒரே ஒரு 500 பாராசிட்டமாலின் மருந்து எடையில், 100 பவர் தைராய்டு மருந்து 5,000 நாளைக்கு இருக்கும்!

இவ்வளவு நுணுக்கமான மருந்தைத்தான் நம் வீடுகளில் பழைய பிளேடால் பாதியாக நறுக்கி, "இனிமே இது போதும்" என்று நாமே முடிவு கட்டுகிறோம்!

லேபிளில் இருக்கும் அளவுக்கும் மாத்திரைக்குள் இருக்கும் அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரலாம் தெரியுமா? 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஒரு மருந்துக்காகவே விதியை இறுக்கியது. அதுவரை 90 முதல் 110 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை, காலாவதி தேதி வரைக்கும் 95 முதல் 105க்குள்தான் இருக்க வேண்டும் என்று மாற்றியது! ஐந்து சதவீதத்துக்கே தொழிற்சாலையைக் கேள்வி கேட்கிறார்கள். பிளேடு ஒரே இழுப்பில் 50 சதவீதத்தைக் குறைத்துவிடுகிறது!

அது மட்டுமா? 2024இல் மத்தியப் பிரதேசத்தில் 25 என்று லேபிள் ஒட்டிய புட்டிக்குள் 88 பவர் மாத்திரை இருந்ததாகத் தெரியவந்து, அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பப் பெற்றார்கள்! ஒவ்வொரு முறை புட்டி வாங்கும்போதும் எண்ணைப் பாருங்கள். மாத்திரையின் நிறமோ உருவமோ மாறியிருந்தால் கடைக்காரரிடம் அங்கேயே கேளுங்கள்!

"நல்லாத்தான இருக்கேன்!" இந்த ஒரு வரிக்குள் என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது தெரியுமா?

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள் மத்தியில் இந்தப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழும்.

"யக்கா, எனக்கு அம்பது குடுத்திருக்காக. ஒங்களுக்கு?"

"எனக்கு நூறு. நான் பத்து நாளா பாதிதான் போடுதேன். நல்லாத்தான இருக்கேன்!"

நன்றாகத்தான் இருப்பார்! ஏன் தெரியுமா? தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும்! இன்றைக்கு மாத்திரையை அடியோடு நிறுத்தினாலும், ஒரு வாரம் கழித்து பாதி மருந்து உள்ளேயே இருக்கும். இரண்டு வாரத்தில் கால் பங்கு. மூன்று வாரத்தில் அரைக்கால். பத்தாவது நாள் அவர் உணரும் தெம்பு, போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் போட்ட மாத்திரை கொடுக்கிற தெம்பு!

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. நல்ல தைராய்டு சுரப்பி இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையான ஹார்மோனைத் தனக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும்! இவ்வளவு பெரிய கையிருப்பை உடம்பில் வேறு எந்த ஹார்மோன் சுரப்பியும் வைப்பதில்லை! சுரப்பி கொஞ்சமாவது வேலை செய்கிறவர்களுக்கு, மாத்திரையைக் குறைத்ததன் விளைவு இன்னும் தள்ளித்தான் தெரியும்.

அப்புறம் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! தை மாதம் பாதியாகக் குறைக்கிறார். மாசி நன்றாகப் போகிறது. பங்குனியில் அசதி, மலச்சிக்கல், முகம் ஊதல். கரிசல் காட்டு வெயிலில் எல்லாருக்கும் அசதிதானே? "வெயில்தான்" என்று விட்டுவிடுகிறார். சித்திரையில் முடியாமல் போய், குறைத்ததையும் சேர்த்து இரண்டு மாத்திரையாகப் போடுகிறார். உடனே ஒன்றும் தெரியாது! புது அளவு உடம்பில் நிலைக்கவே ஐந்து ஆறு வாரம் வேண்டும். வைகாசியில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை. "பயத்தில் வருது" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். காரணம் ஒரு மாதத்தில் இருக்கிறது, விளைவு வேறொரு மாதத்தில்! எது எதனால் வந்தது என்று அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

டாக்டர்கள் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். ஏன் என்று இப்போது புரிகிறதா? அதற்கு முன் எடுத்தால் அளவு இன்னும் நிலைக்காமல் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்!

ஒரு நல்ல செய்தியும் இதிலேயே உண்டு. ஒரு நாள் மறந்துவிட்டால் குடி மூழ்காது! அந்த ஏழு நாள் கணக்கு உங்களைத் தாங்கும். பதறி வாரக்கணக்கில் சேர்த்துப் போட வேண்டாம்.

டி.எஸ்.எச். எண்ணைப் பார்த்து மிரண்டதுண்டா?

தைராய்டு ஹார்மோன் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். எவ்வளவு ஏறும்? இரண்டு மடங்கு என்பீர்கள். இல்லை! சுமார் 100 மடங்கு வரை! தைராய்டை வேலை வாங்க டி.எஸ்.எச்.சைச் சுரப்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அது, ரத்தத்தில் நடக்கும் சின்ன மாற்றத்தையும் அவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறது. டி.எஸ்.எச். இரண்டு மடங்கானது என்பதற்காக மாத்திரையையும் இரண்டு மடங்காக்கக் கூடாது! டாக்டர் 75இலிருந்து 88க்கு மட்டும் மாற்றும்போது "இதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்" என்று தோன்றும். அந்த 13 மைக்ரோகிராம் பெரிய வேலை பார்க்கும்!

டி.எஸ்.எச். ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும் என்பது தெரியுமா? நடுராத்திரிக்குப் பின் உச்சத்துக்குப் போய், மத்தியானத்துக்கு மேல் தணிந்துவிடும். ஒரு தடவை காலையிலும் அடுத்த தடவை சாயங்காலமும் ரத்தம் கொடுத்தால், மாத்திரையை மாற்றாமலே எண் மாறும்! காலையில், மாத்திரை போடும் முன், முடிந்தவரை ஒரே லேபில் கொடுங்கள்.

மதினிக்கு 150, உங்களுக்கு 50. ஏன்?

தைராய்டு சுத்தமாக வேலை செய்யாத ஒருவருக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கு. 60 கிலோ இருப்பவருக்கு 96. ஆனால் இதய நோய் உள்ள பெரியவருக்கு 12.5 அல்லது 25இல்தான் தொடங்குவார்கள்! புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவர்கள் சிலருக்கு டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே அமுக்கி வைப்பார்கள், அதற்குக் கூடுதல் மருந்து வேண்டும்! மதினியின் 150 மதினிக்கு வைத்தியம். உங்களுக்கு அதுவே நெஞ்சு படபடப்பு.

இன்னும் பெரிய அதிர்ச்சி! "தைராய்டு மாத்திரை" என்று வீட்டில் சொல்வது இரண்டு நேர் எதிரான மருந்துகளை! சுரப்பு குறைந்தவருக்குத் தைராக்சின். சுரப்பு கூடியவருக்கு, அதைக் குறைக்க, கார்பிமசோல்! ஒன்று ஏற்றும், மற்றது இறக்கும்! பெயரைப் பார்க்காமல் கை மாற்றினால் என்ன ஆகும்? கார்பிமசோல் சாப்பிடுகிறவருக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதும் தெரியுமா? அபூர்வமாகச் சிலருக்கு அந்த மருந்தால் வெள்ளணுக்கள் சரிந்துவிடும்!

எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? சனிக்கிழமை விடியற்காலையில் ஆடுகள் வந்து குவியும். இந்த மாத்திரை பிறக்கும் முன் வைத்தியம் எதில் நடந்தது தெரியுமா? ஆட்டின் கழுத்தில்!

1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், செம்மறி ஆட்டின் தைராய்டு சுரப்பியைச் சாறாக்கி, உடம்பெல்லாம் ஊதி மந்தமாகிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் எழுந்து நடமாடினார்! அதற்குப் பிறகு 28 வருஷம் உயிரோடு இருந்து, 74 வயதில்தான் காலமானார்! அவர் ஒருவருக்காக எத்தனை ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின? 870க்கும் மேல்! ஒரு சந்தையே ஒரு மனுஷிக்கு! 1920இல் அந்த 28 வருஷக் கதையை மர்ரேயே மருத்துவ இதழில் எழுதினார்.

பிறகு 1914. கிறிஸ்துமஸ் நாள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்! அவர் திரட்டிய 33 கிராமுக்கு எவ்வளவு பன்றித் தைராய்டு தேவைப்பட்டது தெரியுமா? ஏறக்குறைய மூன்று டன்! இன்றைக்கு ஆடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம். முழுக்க ஆய்வுக்கூட முறையில் செய்த மருந்துதான் உங்கள் புட்டியில் இருப்பது.

அளவு கூடினால் என்ன ஆகும் என்பதற்கு மாட்டிறைச்சியே சாட்சி சொன்ன கதை தெரியுமா? 1984, 85இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பக்கம் திடீரென்று ஊர் ஊராக ஆட்களுக்குப் படபடப்பு, தூக்கமின்மை, எடை குறைவு! மொத்தம் 121 பேர்! தேடித் தேடிப் பார்த்தால், கழுத்துக்கறியை அரைக்கும்போது மாட்டின் தைராய்டும் சேர்ந்து அரைபட்டிருக்கிறது! ஒருவர்கூட மாத்திரை சாப்பிடவில்லை. கறி சாப்பிட்டே டோஸ் கூடியிருக்கிறது!

"உடம்பு குறையும்னு சொன்னாக, ரெண்டு போட்டேன்." இதையும் கேட்டிருப்பீர்கள்!

சுரப்புக் குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் எவ்வளவு தெரியுமா? இரண்டு முதல் ஐந்து கிலோ வரைதான்! அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும்! மிச்சக் கிலோக்களுக்குத் தைராய்டு பொறுப்பில்லை. உடம்பு குறைக்க இந்த மருந்தைப் போடாதீர்கள், கூடுதல் அளவில் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று அமெரிக்காவில் மருந்துத் தாளிலேயே கட்டம் கட்டி அச்சிடுகிறார்கள்!

ஏன் அவ்வளவு கடுமை? அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் நடந்து 1994இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 60 வயதுக்கு மேற்பட்ட 2,000க்கும் அதிகமானவர்களைப் பத்து வருஷம் கவனித்தார்கள். டி.எஸ்.எச். சரியாக இருந்தவர்களில் 100க்கு 11 பேருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு வந்தது. டி.எஸ்.எச். 0.1க்குக் கீழே கிடந்தவர்களில்? 28 பேருக்கு! அந்தக் கோளாறு பக்கவாதத்துக்கு வழி விடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அளவு கூடினால் எலும்பும் தேயும். நம் வீட்டு ஆச்சிமார் வயசு அது. எனக்கு மனசு பதறுவது இங்கேதான்!

காலையில் உங்கள் வீட்டில் முதலில் எது? மாத்திரையா, காப்பியா?

வெறும் வயிற்றில் போட்டால் மருந்தில் 60 முதல் 80 சதவீதம் உடம்பில் சேரும். கூடவே காப்பியோ டீயோ குடித்தால் அது குறையும்! தீப்பெட்டி ஆபீஸ் வேன் வருவதற்குள் மாத்திரையையும் டீயையும் ஒரே மடக்கில் முடிக்கிறவர்கள் எத்தனை பேர்! அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, ரத்தச் சோகைக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரை இரண்டுக்கும் நான்கு மணி நேரம்! தினமும் போடும் 'கேஸ்' மாத்திரையும் வயிற்று அமிலத்தைக் குறைத்து மருந்தின் காலை வாரிவிடும்.

டோஸ் போதவில்லை என்று ஒருவர் தானாகக் கூட்டும்போது, பழி சில நேரம் டோஸ் மேல் இல்லை. டீத் தம்ளர் மேல்!

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி எது தெரியுமா? முடி கொட்டுவதற்கு வாங்கும் பயோட்டின் மாத்திரை! அது தைராய்டைத் தொடவே தொடாது. ஆனால் பல லேப் எந்திரங்களை ஏமாற்றிவிடும்! டி.எஸ்.எச். குறைவாகவும் ஹார்மோன் கூடுதலாகவும் பொய்யாகக் காட்டும்! சுரப்புக் குறைவால் முடி கொட்டும் ஒரு பெண், முடிக்காகப் பயோட்டின் போடுகிறார். ரிப்போர்ட் "அளவு கூடிப்போச்சு" என்கிறது. அவர் மாத்திரையைக் குறைக்கிறார். முடி இன்னும் கொட்டுகிறது. இன்னும் பயோட்டின்! ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே அதை நிறுத்த வேண்டும். பயோட்டின் சாப்பிடுவதை டாக்டரிடமும் லேபிலும் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது, நமக்கு அயோடினுக்கு என்ன பஞ்சம் என்கிறீர்களா? அங்கேதான் வியப்பு! கடல் நீரைக் காய்ச்சி எடுத்த சாதா உப்பில் அயோடின் மிக மிகக் குறைவு! தனியாகத் தெளித்துச் சேர்த்தால்தான் உண்டு. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். எழுபது வருஷ ஆயுளுக்கும் சேர்த்து நான்கு கிராம்கூட இல்லை, ஒரு டீஸ்பூன் நிறையாது! ஆனால் சுரப்பி பழுதானவருக்கு அயோடின் உப்பு மாத்திரைக்கு மாற்று ஆகாது. உப்பைக் கூட்டி மாத்திரையைக் குறைப்பது இரண்டு பக்கமும் நஷ்டம்! ரத்தக் கொதிப்பு வேறு!

கம்பங்கூழ் குடிக்கலாமா? கம்பில் தைராய்டின் வேலையைத் தடுக்கும் பொருள்கள் உண்டு என்று 1980களில் கண்டுபிடித்தார்கள்! சூடானின் டார்ஃபர் பகுதியில், கம்பையே மூன்று வேளையும் சாப்பிட்ட ஊர்களில் கழுத்துக்கழலை அதிகம். ஆனால் அங்கே அயோடினும் பற்றாக்குறை. அயோடின் உப்பு சேர்க்கும் வீட்டில் கூழைக் கண்டு பயப்பட வேண்டாம், தாராளமாகக் குடியுங்கள். மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காமல் இருந்தால் சரி.

பக்கத்துச் சிவகாசித் தண்ணீர் சொல்லும் கதை தெரியுமா? பட்டாசுத் தொழிலில் புழங்கும் பெர்குளோரேட், தைராய்டுக்குள் அயோடின் நுழையும் வாசலை அடைத்துவிடும். ஒரு காலத்தில் அதையே, சுரப்பு கூடியவர்களுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள்! 2013இல் வெளியான ஓர் ஆய்வு சிவகாசிப் பகுதியில் 57 நிலத்தடி நீர் மாதிரிகளைச் சோதித்தது. 17 மாதிரிகளில் அமெரிக்க வழிகாட்டு அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது! உச்சம் எவ்வளவு? 7,690! அந்த அளவைப்போல் 500 மடங்குக்கும் மேல்! அந்தத் தண்ணீர் குடிக்கும் ஜனங்களின் உடம்பை முறையாகச் சோதிக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

புட்டியை எங்கே வைக்கிறீர்கள்? அடுப்புக்கு மேல் தட்டிலா, வண்டி டிக்கியிலா? சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றும் இந்த மருந்துக்கு ஆகாது! கோடையில் கரிசல் பூமி 40 டிகிரியை எட்டும்போது மாத்திரையின் சத்து குறைந்தாலும் உருவம் மாறாது. டோஸ் குறைந்ததே உங்களுக்குத் தெரியாது! அதே புட்டியில், மூடியை இறுக்கி, வீட்டிலேயே குளிர்ந்த நிழலான இடத்தில் வையுங்கள்.

இது ஏதோ சிலர் சங்கதி என்று நினைக்காதீர்கள். சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,376 பெரியவர்களைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். தைராய்டு சுரப்புக் குறைவு எத்தனை பேருக்கு? 10.95 சதவீதம்! ஒன்பது பேரில் ஒருவருக்கு!

கடைசியாக, மழை பெய்து கண்மாய் நிரம்பினால் வாலாட்டிக்கொண்டு திரியுமே தலைப்பிரட்டை, அதைத் தவளையாக்குவது எது தெரியுமா? இதே தைராய்டு ஹார்மோன்! 1912இல் குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி தலைப்பிரட்டைகளுக்குக் குதிரைத் தைராய்டை ஊட்டிப் பார்த்தார். அவை வளரக்கூட நேரம் எடுக்காமல் சின்னஞ்சிறு தவளைகளாக மாறிவிட்டன! தைராய்டை நீக்கிவிட்டால்? வால் உதிராமல் பெரிய பெரிய தலைப்பிரட்டைகளாகவே நின்றுவிடும்!

கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்கும் இந்த ஹார்மோன் தொடக்கத்திலிருந்தே வேண்டும். ஆனால் முதல் மூன்று மாதம் அதன் சொந்தச் சுரப்பி வேலையையே தொடங்கியிருக்காது! அதுவரை மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் ரத்தம்தான் கதி. அப்படியிருக்க, "மாசமா இருக்கும்போது மாத்திரை ஆகாது" என்று நல்லெண்ணத்தில் நிறுத்தச் சொல்கிறார்களே! நடக்க வேண்டியது நேர் எதிர்! 2004இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் ஐந்தாவது வாரத்திலேயே சிலருக்குத் தேவை ஏறத் தொடங்கிவிட்டது! முதல் பாதிக்குள் சராசரியாக 47 சதவீதம் கூடியது! நாள் தள்ளிப்போனதும், ஸ்கேனுக்குக் காத்திருக்காமல், அந்த வாரமே டாக்டரிடம் போய் "தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். கையில் புட்டியையும் கொண்டு போங்கள்!

பிள்ளை பிறந்த பிறகு? தேவை மறுபடியும் இறங்கிவிடும்! பெரும்பாலானவர்களுக்குக் கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்கே டாக்டர் மாற்றுவார். ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து மறுபடியும் டி.எஸ்.எச். பார்ப்பார். தாய்ப்பால் கொடுக்கும்போது இந்த மாத்திரை போடலாமா? போடலாம்!